கருப்பைக்குள்ளே ஒரு விளக்கு

"காரணம் புலப்படவில்லை" என்று வைத்தியர் கூறும் சொல் ஒன்று. அது வீடு வந்து சேரும்போது ஆகிவிடும் சொல் வேறொன்று. திருமணமாகி மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத தம்பதியர் கிளினிக்குக்குப் போகின்றனர். இரத்தம் சோதிக்கப்படுகின்றது, ஸ்கான் படம் எடுக்கப்படுகின்றது, யாவும் சீராகவே இருக்கின்றன. "நாம் செய்த பரிசோதனைகளில் குறை எதுவும் அகப்படவில்லை" என்பதையே வைத்தியர் சுருக்கமாக அவ்வாறு கூறுகின்றார். வீட்டிலுள்ள முதியோர் காதிலோ அது, "பெண்ணிடத்தில் ஏதோ மறைந்து கிடக்கின்றது" என்று விழுகின்றது.

மறைந்து கிடப்பதை நேரே கண்ணாற் பார்த்துவிடலாம் என்று சொல்லும் கருவி ஒன்று உண்டென்றால், அதன்பால் அனைவர் கருத்தும் செல்வது இயல்பே. அக் கருவிதான் ஹிஸ்டரோஸ்கோப். கருப்பை அகநோக்கி என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். இந்தப் பரிசோதனையைச் செய்விக்கலாமா, செய்வித்தாற் பிள்ளை பிறக்குமா என்று இப் பகுதிக்கு எழுதிக் கேட்கும் வாசகரும் உளர். நாம் வைத்தியர் அல்லோம், கல்லூரி ஆசிரியர். ஆயினும் இவ் விடயத்தில் வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதி வைத்தவற்றைப் படித்து, இயன்றவரை எளிதாக எடுத்துரைத்தல் எமது கடன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கிரேக்க மொழியில் 'ஹிஸ்டெரா' என்றாற் கருப்பை. 'ஸ்கோப்பெயின்' என்றால் நோக்குதல். இதே ஹிஸ்டெரா என்னும் வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் ஹிஸ்டீரியா. பெண்ணின் மனக் கலக்கங்களுக்கெல்லாம் கருப்பையே காரணம் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர் நெடுங்காலம் நம்பியிருந்ததன் அடையாளம் அச் சொல். ஆகவே, எக் குறை நேரினும் கருப்பையைச் சுட்டிக் கைகாட்டும் வழக்கம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று.

நம்மிடையே வழங்கும் பழமொழி ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதை, "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று திருத்திச் சொல்வோர் உண்டு. அகம் என்றால் உள். அகப்பை என்றால் உள்ளே இருக்கும் பை, அதாவது கருப்பை. கந்தசஷ்டி விரதம் இருந்தாற் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். சொல்நயம் அழகியதுதான். ஆனால், ஐப்பசி மாதத்து அந்த ஆறு நாளும் பிள்ளை வரம் வேண்டி உபவாசம் இருப்பவர் யார் என்று கோயில் வீதியில் நின்று பார்த்தால், பெரும்பாலும் மனைவியே. கணவனும் உடன் இருத்தல் கூடாதென்று எவரும் விதித்ததில்லை. கோயிலில் தொட்டில் கட்டுபவளும் அவளே; கிளினிக்கில் வரிசையில் நிற்பவளும் அவளே. விரதத்தை நாம் குறைகூறவில்லை. விரதத்திலும் வைத்தியத்திலும் பாதிப் பேர் வராமலே இருந்துவிடுகின்றனர் என்பதே எமது முறைப்பாடு.

இனி விடயத்துக்கு வருவோம். கருத்தடை எதுவுமின்றி ஓராண்டு முறையாகக் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாவிடின், அதனை மகப்பேற்றுத் தடை என்று வைத்தியர் கொள்வர். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின், ஆறு மாதத்திலேயே ஆலோசனை பெறுதல் நன்று. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இத் தடையை அனுபவிக்கின்றனர். ஆறு வீடுகள் உள்ள ஒழுங்கையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அருமையாக நேரும் சாபமன்று.

கரு உண்டாவதற்கு மூன்று காரியங்கள் இன்றியமையாதவை. சூலகத்திலிருந்து மாதந்தோறும் முட்டை வெளிப்படல் வேண்டும்; முட்டை வரும் குழாய்கள் அடைபடாது திறந்திருத்தல் வேண்டும்; கணவனின் விந்தில் உயிரணுக்கள் போதிய தொகையும் ஓட்டமும் உடையனவாயிருத்தல் வேண்டும். இம் மூன்றும் சோதிக்கப்பட்டுக் குறையில்லை என்று கண்ட பின்னரே, "காரணம் புலப்படாத மகப்பேற்றுத் தடை" என்னும் பெயரை இடுதல் முறையாகும். மூன்றில் ஒன்றைச் சோதியாது விட்டுவிட்டு அப் பெயரை இடுவது, ஒரு பாடத்தின் விடைத்தாளைத் திருத்தாமலே மாணவனுக்குப் பெறுபேறு எழுதுவதை ஒக்கும்.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டி நூல் தரும் கணக்கொன்று நோக்கத்தக்கது. மகப்பேற்றுத் தடையுள்ள தம்பதியருள், ஆணிடத்துக் காரணம் காணப்படுவது ஏறத்தாழ நூற்றுக்கு 30. முட்டை வெளிப்படாமை 25. குழாய்க் கேடு 20. கருப்பையையும் அதனைச் சூழ்ந்த இடங்களையும் பற்றிய கோளாறுகள் 10. காரணம் புலப்படாதது 25. கூட்டிப் பார்க்கும் மாணவர், இவை நூற்றைக் கடக்கின்றனவே என்பர். ஒரே தம்பதியரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருத்தல் கூடுமாகையால் அவ்வாறு ஆகின்றது. இருவரிடத்தும் குறை காணப்படுவது நூற்றுக்கு நாற்பது வரை உண்டென்று அந்நூலே கூறுகின்றது. கருப்பையின் பங்கு பத்து. ஆணின் பங்கு முப்பது. நம் ஊர்ப் பேச்சில் இக் கணக்கு எவ்வளவு தலைகீழாகிக் கிடக்கின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பத்தினுள் அடங்கும் கோளாறுகளைக் காண்பதற்கே அகநோக்கி பிறந்தது. அதன் வரலாறு சுவையானது. 1806ஆம் ஆண்டளவில், ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் வாழ்ந்த பிலிப் பொஸ்ஸினி என்னும் இளம் வைத்தியர், மெழுகுவர்த்தியின் ஒளியை ஆடி கொண்டு மனித உடலினுள்ளே செலுத்திப் பார்க்கும் கருவி ஒன்றை ஆக்கினார். வியன்னா நகரத்து வைத்திய பீடத்தார் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. பொஸ்ஸினி 1809இல், முப்பத்தைந்து வயதிலே காய்ச்சலுக்கு இரையானார். அவர் ஏற்றிய விளக்கு கருப்பைக்குள் நுழைவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1869இல், பாந்தலேயோனி என்னும் வைத்தியர், மாதவிடாய் நின்ற பின்னரும் இரத்தப்போக்கினால் வருந்திய அறுபது வயதுப் பெண்ணொருத்தியின் கருப்பையினுள்ளே பார்த்து, அங்கே சிறு தசை வளர்ச்சியொன்று தொங்குவதைக் கண்டு, வெள்ளி நைத்திரேற்றினால் அதனைச் சுட்டுக் குணப்படுத்தினார். காண்பதும் அங்கேயே சிகிச்சை செய்வதும் ஒருங்கே நிகழ்ந்த முதற் சந்தர்ப்பம் அது.

அதன் பின்னரும் ஒரு நூற்றாண்டு இக் கலை தளர்நடையே நடந்தது. சிறுநீர்ப்பையையும் இரைப்பையையும் உள்ளே பார்த்தல் எளிது, கருப்பை அவ்வாறன்று. அதன் உட்குழி விரிந்து கிடக்கும் அறையன்று. காற்றில்லாத பலூன் போல முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று படிந்திருக்கும். சுவரோ தடித்தது, தொட்டால் இரத்தம் கசிந்து பார்வையை மறைக்கும். சுவர்களை விலக்கி உட்குழியைத் தெளிவாக வைத்திருக்கும் உபாயம் கிடைத்தாலன்றி விளக்கினாற் பயனில்லை. 1970இல் சுவீடன் நாட்டினர் இருவர் தடித்த சர்க்கரைக் கரைசலொன்றைச் செலுத்தினர். 1972இல் ஜேர்மனியில் லிண்டமான் என்பவர் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தினார். இன்று பெரும்பாலும் பயன்படுவது சாதாரண உப்புக் கரைசலே. பிரித்தானிய பௌதிக அறிஞர் ஹரல்ட் ஹொப்கின்ஸ் 1959இல் கண்ட கண்ணாடிக் கோல் வில்லை, ஒல்லியான குழாயினூடே ஒளிமிக்க படத்தைப் பார்க்க வழிசெய்தது. 1980இல் பிரான்சில் ஹமூ என்பவர் நுண்ணிய அகநோக்கியைச் செய்தார். ஐந்து நாடுகளில், நூற்றெழுபது ஆண்டுகளாக, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டு வளர்த்த கருவி இது.

இப்பொழுது இப் பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகின்றது? மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் பருமன் உள்ள குழாய் ஒன்று. நாம் எழுதும் பென்சிலினும் மெல்லியது. அதன் நுனியில் ஒளியும் கமராவும் உண்டு. அது யோனி வழியே சென்று கருப்பைக் கழுத்தைக் கடந்து உள்ளே நுழைகின்றது. வயிற்றில் வெட்டு எதுவுமில்லை, தையலும் இல்லை. உப்புக் கரைசல் மெல்ல ஓடிச் சுவர்களை விலக்க, உள்ளிருப்பவை திரையிலே தோன்றுகின்றன. பார்ப்பதற்கு மாத்திரமாயின் சில நிமிடங்களே செல்லும். மாதவிடாய் முடிந்து, முட்டை வெளிப்படுவதற்கு முன் உள்ள நாள்களே இதற்கு உகந்தவை. அப்பொழுதுதான் உட்படலம் மெல்லியதாய் இருக்கும். கரு உண்டாகியிருக்கவும் இடமில்லை.

நோவைப் பற்றி வைத்தியசாலைகளிற் சொல்லப்படுவது சில வேளைகளிற் குறைத்துச் சொல்லப்படுவதாகும். பலருக்கு அது மாதவிடாய் வலி போன்றதே. வேறு சிலருக்குத் தாங்கொணா வலியாகின்றது. பிரித்தானியாவிலே, மயக்க மருந்தின்றி இப் பரிசோதனைக்கு உட்பட்டுத் துன்புற்ற பெண்கள் பல ஆண்டுகள் குரல் எழுப்பிய பின்னரே, வைத்தியர் கழகத்தார் நோவு தணிப்பைப் பற்றிய வழிகாட்டியைத் திருத்தமாக வெளியிட்டனர். ஆகவே, வலிநிவாரணி முன்கூட்டியே எடுத்தல், மயக்க மருந்து கேட்டல், தாங்க முடியாவிடின் நிறுத்தும்படி கூறுதல் ஆகிய மூன்றும் பெண்ணின் உரிமைகள். "இவ்வளவும் பொறுக்க மாட்டாதவள் பிள்ளை பெறுவது எப்படி?" என்று கேட்கும் நாவுகளுக்கு நாம் விடை எழுதுவதாயில்லை. கருப்பையிற் துளை விழுதல், கிருமி தொற்றுதல் முதலிய ஆபத்துகளும் உண்டு. பார்ப்பதற்கு மாத்திரம் செய்யப்படும்போது அவை அரியன. வெட்டிச் செய்யப்படும் சிகிச்சையிற் சற்றுக் கூடியன.

உள்ளே காணப்படக் கூடியவை எவை? உட்படலத்திலிருந்து மிளகளவும் அதனிற் பெரிதாகவும் தொங்கும் பொலிப் என்னும் மென்தசை வளர்ச்சிகள். உட்குழிக்குள் தலைநீட்டும் பைப்ரொயிட் கட்டிகள். கருப்பையை இரு பாதியாகப் பிரிக்கும் பிறவித் தடுப்புச் சுவர். சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்ட தழும்புகள். இவற்றுட் கடைசியில் நின்றது குறித்து விரிவாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் மனிதர் கையாற் வருவது.

கருச்சிதைவு நேர்ந்த பின்னரோ, பிள்ளைப்பேற்றின் பின் நச்சுக்கொடியின் பகுதி தங்கிவிட்டபோதோ கருப்பையைச் சுரண்டித் துப்பரவாக்குதல் நாம் அறிந்ததே. சுரண்டும் கை சற்று ஆழமாகப் போய்விட்டால், உட்படலத்தின் அடித்தளமே அழிந்து, காயம் ஆறும்போது முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக் கொள்ளும். இதனை 1948இல் ஜோசப் ஆஷர்மன் என்னும் வைத்தியர் விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே இந் நோய் வழங்குகின்றது. இந்தியா போன்ற நாடுகளிற் கருப்பையைப் பற்றும் காசநோயும் இதே கேட்டை விளைவிப்பதுண்டு. மாதவிடாய் வரவரக் குறைந்து போதல், அல்லது முற்றாக நின்றுவிடல் இதன் அறிகுறி. "வயிறு சுத்தமாகிவிட்டது" என்று சில பெண்கள் அதனை நன்மையாகக் கொண்டு மகிழ்வதை நாம் கேட்டிருக்கின்றோம். ஸ்கான் படத்தில் இத் தழும்புகள் சில வேளை தப்பிவிடும். அகநோக்கியின் கண்ணுக்கு அவை தப்புவதில்லை. அக் குழாயின் வழியே நுண்ணிய கத்தரிக்கோலைச் செலுத்தி, ஒட்டியவற்றை அங்கேயே வெட்டி விடுவர். மீண்டும் ஒட்டிக் கொள்ளுதலும் உண்டாகையால், சில கிழமைகளின் பின் மறுமுறை பார்க்க வேண்டியும் வரும். அகநோக்கியின் அருமை முழுதும் விளங்குவது இத்தகைய நோயாளரிடத்தேதான்.

கேள்வி இனித்தான் கடினமாகின்றது. அறிகுறி எதுவுமில்லை, மாதவிடாய் ஒழுங்கு, ஸ்கான் படத்திற் கருப்பை சீர், எனினும் பிள்ளையில்லை. இப்படிப்பட்ட பெண்ணுக்கும், "எதற்கும் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவோம்" என்று செய்தாற் பயன் உண்டா?

உண்டென்றே வைத்தியர் பலர் நெடுங்காலம் கருதினர். உள்ளே பார்த்த பின் சிலருக்குக் கரு உண்டானதே அவர்கள் காட்டிய சான்று. நாம் வகுப்பிற் சொல்லும் உவமை ஒன்று இங்குப் பொருந்தும். ஒரு மாணவன் பரீட்சைக்கு முன்னாள் புதுப் பேனா வாங்கினான். பரீட்சையிற் சித்தியும் அடைந்தான். பேனாவினாலேதான் சித்தியடைந்தான் என்பதை எவ்வாறு அறிவது? அதே தரத்து மாணவர் நூறு பேரைச் சீட்டுக் குலுக்கி இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு மாத்திரம் புதுப் பேனா கொடுத்துப் பார்த்தாலன்றி அறிய இயலாது.

அப்படியே செய்து பார்த்தனர். 2016இல் லான்செட் என்னும் மருத்துவ சஞ்சிகையில் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்று பிரித்தானியா, பெல்ஜியம், இத்தாலி, செக் குடியரசு ஆகிய நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் நிகழ்ந்தது. பரிசோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் இரண்டு முதல் நான்கு முறை தோல்வியுற்ற, ஸ்கானிற் கருப்பை சீராகவுள்ள 702 பெண்களை இரு கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்தாருக்கு அடுத்த முயற்சிக்கு முன் அகநோக்கிப் பரிசோதனை செய்யப்பட்டது, மற்றவர்க்கு இல்லை. உயிருடன் பிள்ளை பெற்றோர் தொகை இரு கூட்டத்திலும் நூற்றுக்கு 29. மற்றையது நெதர்லாந்தில், முதன் முறையாக அச் சிகிச்சைக்கு வந்த 750 பெண்களிடத்துச் செய்யப்பட்டது. பரிசோதனை செய்தோர் கூட்டத்தில் நூற்றுக்கு 57 பேரும், செய்யாதோர் கூட்டத்தில் 54 பேரும் பிள்ளை பெற்றனர். இச் சிறு வேறுபாடு தற்செயலாகவே நேரக் கூடியதென்பது கணக்கியலார் முடிவு. இப் பெண்கள் யாவரும் காரணம் புலப்படாதவர் வகையினர் அல்லர். ஆயினும் அவர்களுக்கே உதவாத ஒன்று, ஸ்கான் சீராகவுள்ள ஏனையோர்க்கு உதவும் என்று நம்புதற்கு ஆதாரம் வேண்டும். 2023இல் ஐரோப்பிய மகப்பேற்றியற் சங்கத்தார் வெளியிட்ட வழிகாட்டி, காரணம் புலப்படாத தடையில், படங்களில் தென்படாத கோளாறுகளைத் தேடுவதற்காக அகநோக்கியைப் பயன்படுத்தும்படி தாம் பரிந்துரைக்கவில்லை என்கின்றது.

ஆனால் ஸ்கானிற் பொலிப் தென்பட்டுவிட்டால் கதை வேறு. 2005இல் ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றில், பொலிப் இருந்த 215 பெண்களுள் ஒரு பாதியினர்க்கு அதனை அகநோக்கி வழியே நீக்கினர். மறு பாதியினர்க்குச் சிறு துணுக்கு மாத்திரம் எடுத்தனர். பின்னர் யாவர்க்கும் விந்தைக் கருப்பையினுட் செலுத்தும் சிகிச்சை நான்கு முறை வரை செய்வதாக ஏற்பாடு. நீக்கப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் கருவுற்றனர். மற்றையோரில் 28 பேர். அன்றியும், நீக்கப்பட்டோரிடம் உண்டான கருக்களுள் நூற்றுக்கு 65 அச் சிகிச்சை தொடங்குமுன், காத்திருந்த மாதங்களிலேயே இயல்பாக உண்டாயின. கண்ணுக்குத் தென்பட்ட தடையை நீக்கியதனால் விளைந்த பயன் இது.

கண்ணுக்குத் தென்பட்டதெல்லாம் தடைதான் என்று முடிவுகட்டவும் கூடாது. கருப்பையின் பிறவித் தடுப்புச் சுவரை எடுத்துக்கொள்வோம். தாய் வயிற்றிற் பெண்குழந்தை உருவாகும்போது இரண்டு குழாய்கள் ஒன்றுசேர்ந்தே கருப்பை ஆகின்றது. நடுச்சுவர் முற்றாகக் கரையாது நின்றுவிடின் அதுவே தடுப்பு. அதனை வெட்டி நீக்கினாற் பிள்ளை நிலைக்கும் என்று பல்லாண்டு காலம் வெட்டி வந்தனர். 2021இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், வெட்டியவர்களுள் நூற்றுக்கு 31 பேரும் வெட்டாதவர்களுள் 35 பேரும் பிள்ளை பெற்றதாகக் கண்டனர். எண்பது பெண்களையே கொண்ட சிறிய ஆராய்ச்சியாகையால் இது முடிந்த முடிபன்று. எனினும் கத்தியை எடுக்குமுன் கையைச் சற்று நிறுத்தத் தக்கது.

எம்மிடம் படித்து இன்று உத்தியோகம் பார்க்கும் ஒருவர், சில காலத்துக்கு முன் தடித்த கோப்பு ஒன்றுடன் எம்மைக் காண வந்தார். திருமணமாகி ஆறாண்டு. தனியார் வைத்தியசாலை ஒன்றில் மனைவிக்கு இரண்டு முறை அகநோக்கிப் பரிசோதனை செய்தாயிற்று. இரண்டு முறையும் "சீர்" என்றே அறிக்கை. மூன்றாம் முறையும் செய்யலாம் என்கிறார்களாம். மனைவியின் காப்பை ஈடு வைப்பதா என்பதே அவர் கேட்க வந்தது. கோப்பைப் புரட்டினோம். தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருந்தது மனைவியின் பெயரே. "தம்பி, உம்முடைய பரிசோதனைத் தாள் எங்கே?" என்றோம். அவர் சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு என்ன சேர்? நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்றார். கெட்ட மனிதர் அல்லர், மனைவியிடம் அன்புள்ளவர், ஆறாண்டாக அவளோடு ஒவ்வொரு கிளினிக்குக்கும் போய்க் கதிரையில் அமர்ந்து காத்திருந்தவர். அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. அவர் தாய்க்கும் தோன்றவில்லை. அவ்வைத்தியசாலையிலும் எவரும் வற்புறுத்தவில்லை. காப்பை ஈடு வையாமல், முதலில் தாம் போய் வரும்படி சொல்லி அனுப்பினோம். போனார். அதன் முடிவு அவர்கள் இருவர்க்கும் உரியது; ஈண்டு எழுதத் தக்கதன்று.

விந்துப் பரிசோதனைக்கு வேண்டுவது ஒரு சிறு போத்தலும், இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருத்தலும் மாத்திரமே. நோவில்லை, மயக்க மருந்தில்லை, செலவும் சிறிது. ஒருமுறை குறைவாகக் கண்டால், சில கிழமை கழித்து மறுமுறையும் பார்ப்பர். இது முடியுமுன் ஒரு பெண்ணின் கருப்பைக்குள்ளே விளக்கேற்றுதல், வாசற்கதவு திறந்திருக்கின்றதா என்று பாராமற் கூரையைப் பிரிப்பதாகும். ஆண்மைக்கும் இப் பரிசோதனைக்கும் தொடர்பில்லை என்பதையும் மாப்பிள்ளைமார்க்குச் சொல்லி வைப்போம். உயிரணுக் குறைவுள்ளவர் உடல் வலியோராயும் இல்லறத்திற் குறைவற்றோராயும் இருத்தல் கூடும்.

இருவர்க்கும் யாவும் சீர் என்று கண்ட தம்பதியர் என் செய்வது? பெண்ணுக்கு வயது குறைவாயின் முதல் மருந்து காலமே. பெண்ணின் வயது நாற்பதுக்கு உட்பட்ட தம்பதியருள் நூற்றுக்கு எண்பதின் மேற்பட்டோர் முதலாண்டிற் கருவுறுவர். எஞ்சியோருள் ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில் எச் சிகிச்சையுமின்றியே கருவுறுவர். அதற்கு மேலும் வாய்க்காவிடின், முட்டை வளர்க்கும் மருந்தோடு விந்தைக் கருப்பையினுட் செலுத்தும் சிகிச்சையையே முன்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டி முதலில் வைக்கின்றது. குழாய்கள் திறந்துள்ளனவா என்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்போது, தண்ணீர் மருந்துக்குப் பதிலாக எண்ணெய் மருந்தைச் செலுத்தினாற் பின்னர்க் கருவுறுவோர் தொகை கூடுகின்றதென்பதும் 2017இல் நெதர்லாந்தில் 1,119 பெண்களிடத்துக் காணப்பட்டது. எண்ணெயிட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 40, தண்ணீரிட்டோர் 29. அவ்வசதி இருக்கின்றதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. முப்பத்தைந்தைக் கடந்தவர்கள் மாத்திரம் காலத்தை நம்பிக் காத்திருத்தல் ஆகாது.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளின் பெண் நோயியற் கிளினிக்குகளிற் பணம் செலுத்தாமலே ஆலோசனை பெறலாம். எங்கு போவதென்று அறியாதவர், தத்தம் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் வழி காட்டுவார். அகநோக்கிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வைத்தியர் கூறுவாராயின், "ஸ்கானில் என்ன கண்டீர்கள்? எதைத் தேடப் போகின்றீர்கள்? அகப்பட்டால் அப்பொழுதே நீக்கிவிடுவீர்களா, இன்னொரு முறை வர வேண்டுமா? நோவுக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்க. நல்ல வைத்தியர் இவற்றுக்குச் சினப்படார். மாதவிடாய் குறைந்திருப்பின், முன்னர்க் கருச்சிதைவோ சுரண்டலோ நேர்ந்திருப்பின், இடையிடையே இரத்தம் படுமாயின், அவற்றை அவர் கேளாவிடினும் சொல்லிவிட வேண்டும். மாமியார் அருகில் இருப்பதனால் முந்திய கருச்சிதைவை மறைக்கும் பெண்கள் பலர். வைத்தியரிடம் தனியே பேச வேண்டுமென்று கேட்கலாம். பரிசோதனை முடிந்தபின் அறிக்கையோடு உள்ளே எடுத்த படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வேறொரு வைத்தியரிடம் செல்ல நேரின், அதே கருப்பைக்குள் அதே காட்சியைக் காண மறுபடியும் ஒரு தொகை செலுத்த வேண்டி வராது.